ஐ.பி.எஸ். உள்ளவர்கள் பழம், பழச்சாறு, இனிப்பு ஆகியவற்றைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஐ.பி.எஸ். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ‘இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம்’ என்னும் குடல் கோளாறு தமக்கு இருப்பதாகத் தெரியவந்ததும், பெரும்பாலானோர் முதலில் காரத்தையும் எண்ணெயையும் குறைத்துவிட்டு, வயிற்றுக்கு இதமானவை என்று நம்பி ஆப்பிள், தர்பூசணி, தேன் கலந்த பழச்சாறு ஆகியவற்றைக் கூட்டிக்கொள்கிறார்கள். உப்புசமும் வயிற்றுவலியும் தணியாமல், சிலருக்கு முன்னைவிட அதிகமாகிவிடுகின்றன. அதன் பிறகு பழமே தமக்கு ஆகாது என்று முடிவுகட்டி, ஆண்டுக்கணக்கில் பழம் தொடாமலே இருந்துவிடுகிறார்கள். இந்த இரண்டு நிலைகளும் தவிர்க்கக்கூடியவை. ஒரு பழமோ இனிப்போ உங்களுக்கு ஒத்துக்கொள்ளுமா என்பதைத் தீர்மானிப்பதில் அதன் பெயரைவிட, உண்ணும் அளவுக்கும் பழுத்திருக்கும் பதத்துக்கும் முழுதாக உண்கிறீர்களா பிழிந்து குடிக்கிறீர்களா என்பதற்கும் அதிகப் பங்கு உண்டு. புதிதாக இந்த நோயறிதலைப் பெற்றவர்கள் எந்த வரிசையில் இதைச் சோதித்து அறியலாம் என்பதை இங்கே படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

முதற்படி: நோய் இதுதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்

உணவை மாற்றுவதற்கு முன் மருத்துவரைப் பார்ப்பது கட்டாயம். மலத்தில் இரத்தம், காரணமின்றி எடை குறைதல், தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, இரத்தசோகை, விடாத காய்ச்சல், 50 வயதுக்கு மேல் முதன்முறையாகத் தொடங்கும் தொந்தரவு, குடும்பத்தில் பெருங்குடல் புற்றுநோயோ குடல் அழற்சி நோயோ இருந்த வரலாறு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும், அதை ஐ.பி.எஸ். என்று நீங்களாகவே வைத்துக்கொண்டு பழப்பட்டியல் தேடக் கூடாது. கோதுமைப் புரதம் ஒவ்வாத சீலியாக் நோயும் இதே போன்ற அறிகுறிகளைக் காட்டும். அதற்கான இரத்தப் பரிசோதனை, நீங்கள் கோதுமை உண்டுகொண்டிருக்கும் காலத்தில் செய்தால்தான் சரியான முடிவைத் தரும் என்பதால், சப்பாத்தியையும் ரவையையும் நிறுத்துவதற்கு முன்பே அதைச் செய்துகொள்வது நல்லது.

சர்க்கரை நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், வளரும் குழந்தைகள், ஏற்கெனவே மெலிந்திருப்பவர்கள் ஆகியோர் உணவியல் வல்லுநர் ஒருவரின் மேற்பார்வையில் மட்டுமே உணவைக் குறைக்கும் முயற்சியில் இறங்க வேண்டும்.

இரண்டாம் படி: பழத்தில் உள்ள எது தொந்தரவு தருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் உள்ள மோனாஷ் பல்கலைக்கழகத்தில் பீட்டர் கிப்சன், சூ ஷெப்பர்ட் ஆகியோர் 2005-ஆம் ஆண்டு, சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குச் சென்று நொதிக்கும் சிறு சர்க்கரைகள் அனைத்துக்கும் சேர்த்து ‘ஃபாட்மேப்’ என்று பெயரிட்டார்கள். பழத்தையும் இனிப்பையும் பொறுத்தவரை அவற்றில் நான்கை அறிந்திருந்தால் போதும்.

முதலாவது ஃப்ரக்டோஸ் என்னும் பழச்சர்க்கரை. இதைச் சிறுகுடல் ஓரளவுக்குத்தான் உறிஞ்சும். கூடவே அதே அளவு குளுக்கோஸ் இருந்தால் உறிஞ்சுதல் எளிதாகும். ஆகவே குளுக்கோஸைவிட ஃப்ரக்டோஸ் மிகுந்திருக்கும் மாம்பழம், ஆப்பிள், பேரிக்காய், தர்பூசணி, தேன் ஆகியவை சிக்கல் தருகின்றன. ஃப்ரக்டோஸும் குளுக்கோஸும் சம அளவில் இணைந்த வெள்ளைச் சர்க்கரையோ அளவோடு உண்டால் பலருக்கும் தொந்தரவு தருவதில்லை. தேன் இயற்கையானது, சர்க்கரை கெட்டது என்று பழகிய மனத்துக்கு இது ஏற்கக் கடினமாக இருக்கலாம், ஆனால் ஐ.பி.எஸ். உள்ள வயிற்றுக்கு ஒரு கரண்டித் தேனைவிட ஒரு கரண்டிச் சர்க்கரையே பெரும்பாலும் எளிது.

இரண்டாவது சார்பிட்டால், மேனிட்டால் போன்ற சர்க்கரை ஆல்கஹால்கள். பெயரில் ஆல்கஹால் இருந்தாலும் மதுவுக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை. ஆப்பிள், பேரி, பிளம்ஸ், பீச், ஆப்ரிகாட் ஆகியவற்றில் சார்பிட்டால் இயல்பாகவே இருக்கிறது. மூன்றாவது ஃப்ரக்டான்; இதைச் செரிக்கும் நொதி மனிதக் குடலில் யாருக்குமே கிடையாது. கோதுமை, வெங்காயம், பூண்டு ஆகியவற்றில் மிகுதியாக உள்ள இது, பேரீச்சை, மாதுளை, சீத்தாப்பழம், நன்றாகக் கனிந்த வாழைப்பழம் ஆகியவற்றிலும் இருக்கிறது. நான்காவது பாலில் உள்ள லாக்டோஸ். சிறுவயது கடந்ததும் இதைச் செரிக்கும் நொதி நம்மில் பலருக்குக் குறைந்துவிடுகிறது.

உறிஞ்சப்படாத சர்க்கரை இரண்டு விதமாகத் தொந்தரவு செய்யும். ஃப்ரக்டோஸ் போன்றவை சிறுகுடலுக்குள் நீரை இழுக்கின்றன. ஃப்ரக்டான் போன்றவை பெருங்குடலில் நுண்ணுயிர்களால் நொதித்து வாயுவாகின்றன. இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் கொண்டு நடத்தி 2014-இல் வெளியான ஆய்வில் இந்த இரண்டும் தனித்தனியே படமாகவே தெரிந்தன. நீரும் வாயுவும் எல்லோருக்கும்தான் உண்டாகின்றன. ஐ.பி.எஸ். உள்ளவர்களின் குடல் நரம்புகள் அந்த விரிவைக் கூடுதலாக உணர்வதால்தான் அது வலியாகிறது. பழம் உங்கள் குடலைப் புண்ணாக்குவதில்லை. ஒத்துக்கொள்ளாத பழத்தைத் தவறுதலாக உண்டுவிட்டால் சில மணி நேரம் அவதிப்படுவீர்களே தவிர, குடலுக்கு நிலையான கேடு எதுவும் நேராது என்பதைப் புதியவர்கள் உறுதியாக நம்பலாம்.

மூன்றாம் படி: இரண்டு வாரம் குறிப்பெழுதுங்கள்

இந்த இரண்டு வாரமும் எதையும் மாற்றாமல், வழக்கமாக உண்பதையே உண்டு, ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். ‘காலையில் பழம்’ என்று எழுதினால் பின்னர் எதற்கும் பயன்படாது. எந்தப் பழம், எத்தனை துண்டு, காயா பழமா, வெறும் வயிற்றிலா சாப்பாட்டுக்குப் பிறகா, எத்தனை மணிக்கு என்பன இருக்க வேண்டும். பக்கத்திலேயே உப்புசம், வலி, மலம் கழித்த நேரம், அதன் இறுக்கம் அல்லது இளக்கம் ஆகியவற்றையும், அன்றைய தூக்கம், மன அழுத்தம், பெண்கள் எனில் மாதவிடாய் நாட்கள் ஆகியவற்றையும் குறியுங்கள். தொந்தரவு அரை மணி நேரத்திலும் தொடங்கலாம், பல மணி நேரம் கழித்தும் தொடங்கலாம். இரவு எட்டு மணிக்கு வலித்தால், ஏழு மணிக்கு உண்ட இட்லியைக் குற்றம் சொல்லும் முன் மதியம் குடித்த பழச்சாற்றையும் பாருங்கள்.

நான்காம் படி: பழங்களைத் தேர்ந்தெடுங்கள்

குறிப்பு முடிந்ததும், நான்கு முதல் ஆறு வாரங்களுக்குத் தொந்தரவு தரும் வாய்ப்புக் குறைந்த பழங்களை மட்டும் உண்டு பாருங்கள். ஒரு வேளைக்கு ஒரு கைப்பிடி, அதாவது ஏறக்குறைய 80 கிராம். நாளுக்கு மூன்று வேளைக்கு மேல் வேண்டாம். மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு ஐ.பி.எஸ். நோயாளிகளுக்குக் கூறும் அளவும் இதுதான். மூன்றையும் ஒரே கிண்ணத்தில் போட்டுப் பழக்கலவையாக உண்டால் பயனில்லை. வேளைகளுக்கு இடையில் இரண்டு மூன்று மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும்.

நம் சந்தையில் எளிதாகக் கிடைப்பவற்றுள் பப்பாளி, அன்னாசி, ஆரஞ்சு, நன்கு பழுத்த கொய்யா, டிராகன் பழம், கிவி ஆகியவை இந்த அளவில் பெரும்பாலானோருக்கு ஒத்துக்கொள்கின்றன. மலச்சிக்கல் முதன்மையாக உள்ளவர்களுக்கு நான் முதலில் சொல்வது பப்பாளியும் கிவியும்தான். நாளுக்கு இரண்டு பச்சைக் கிவிப்பழம் மலச்சிக்கலைத் தணிப்பது மருத்துவ ஆய்வுகளிலும் காணப்பட்டிருக்கிறது. விலை கட்டுப்படியாகாதவர்கள் பப்பாளியோடு நிறுத்திக்கொண்டாலும் குறையில்லை. கொய்யாவில் ஒரு நுட்பம் உண்டு: நறுக்கென்று கடிபடும் காய்ப்பதத்தில் ஃப்ரக்டோஸ் தொந்தரவு அதிகம், விரலால் அழுத்தினால் அமுங்கும் பழுத்த பதமே ஏற்றது. உப்பும் மிளகாய்த்தூளும் தூவி வண்டியில் விற்கும் கொய்யா பெரும்பாலும் காய்ப்பதத்தில்தான் இருக்கும்.

வாழைப்பழத்தில் நிலைமை நேர்மாறானது. மோரிஸ், பச்சை வாழை போன்ற கேவண்டிஷ் வகைப் பழங்கள் காம்பருகே சற்றுப் பச்சை தெரிய, தோலில் புள்ளி விழாமல், உரிக்கும்போது தோல் சற்றே இழுத்துப் பிடிக்கும் பதத்தில் இருந்தால், ஒரு பழம் தாராளமாக உண்ணலாம். தோலில் கரும்புள்ளிகள் பரவி, உரித்தால் தானாகவே கழன்று வரும் அளவுக்குக் கனிந்துவிட்டால், அதே பழத்தில் ஃப்ரக்டான் கூடிவிடுகிறது. மோனாஷின் அளவீட்டின்படி அப்போது 35 கிராம்தான், அதாவது மூன்றில் ஒரு பங்குதான், பாதுகாப்பான அளவு. ‘வாழைப்பழம் எனக்கு ஒரு நாள் ஒத்துக்கொள்கிறது, ஒரு நாள் ஒத்துக்கொள்வதில்லை’ என்று குழம்புகிறவர்கள் அந்தந்த நாளில் பழம் எந்தப் பதத்தில் இருந்தது என்று நினைத்துப் பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். ஆகவே ஒரு சீப்பாக வாங்கி நாலைந்து நாள் தொங்கவிடுவதைவிட, இரண்டு மூன்று பழங்களாக வாங்குவது மேல். பூவன், ரஸ்தாளி, கற்பூரவல்லி போன்றவை நன்றாகக் கனிந்த பிறகே சுவைக்கும் என்பதால், அவற்றை அரைப் பழத்திலிருந்து தொடங்கித் தனியாகச் சோதியுங்கள்.

மாம்பழத்தை முற்றிலும் துறக்கச் சொல்ல எனக்கு மனமில்லை, அதற்கு அவசியமும் இல்லை. பலருக்குத் தாங்கும் அளவு சுமார் 40 கிராம், அதாவது இரண்டு மூன்று சிறு துண்டுகள். ஒரு நடுத்தர பங்கனப்பள்ளியின் சதையே 200 கிராமைத் தாண்டும் என்பதால், முழுப் பழத்தை ஒருவரே உண்பதுதான் சிக்கலாகிறது. நறுக்கி வீட்டார் அனைவரும் பகிர்ந்துகொண்டால் உங்கள் பங்கு தானாகவே அளவுக்குள் வந்துவிடும்.

தர்பூசணியில் ஃப்ரக்டோஸ், ஃப்ரக்டான், மேனிட்டால் மூன்றும் சேர்ந்திருப்பதாலும், கோடையில் யாரும் ஒரு துண்டோடு நிறுத்துவதில்லை என்பதாலும், தொடக்க வாரங்களில் அதை முழுமையாக ஒதுக்கிவிடலாம். ஆப்பிள், பேரி, சீத்தாப்பழம், பேரீச்சை ஆகியவற்றையும் அவ்வாறே. மாதுளை முத்துகள் இரண்டு மூன்று மேசைக்கரண்டி வரை பெரும்பாலும் சரி. திராட்சை பல ஆண்டுகள் பாதுகாப்பான பழங்களின் வரிசையில் இருந்தது; மறு ஆய்வில் அதில் ஃப்ரக்டோஸ் மிகுதி என்று கண்டறிந்து மோனாஷ் அதன் அளவை ஒரு சில பழங்களாகக் குறைத்துவிட்டது. பழைய பட்டியலும் புதிய பட்டியலும் முரண்படுவதைப் பார்த்து நீங்கள் தடுமாற வேண்டாம். இரகத்தாலும் பருவத்தாலும் பழத்தின் சர்க்கரை மாறுவதால் இது நேர்கிறது. உங்கள் நோட்டு சொல்வதே உங்களுக்கு இறுதி.

ஐந்தாம் படி: பழச்சாறு, பானங்கள்

என் கருத்தில், புதியவர்கள் பழத்தைவிடப் பழச்சாற்றில்தான் அதிக எச்சரிக்கை காட்ட வேண்டும். ஒரு டம்ளர் சாத்துக்குடிச் சாறு பிழிய மூன்று நான்கு பழங்கள் தேவைப்படும். அவற்றை உரித்து உண்பதற்குக் கால் மணி நேரம் ஆகும். ஒன்றரைப் பழத்திலேயே போதும் என்று தோன்றிவிடும். சாறாகக் குடித்தால் ஒரே நிமிடத்தில் அத்தனை பழத்தின் சர்க்கரையும் சேர்ந்து குடலுக்குள் இறங்குகிறது. கடையில் ஜூஸ் போடுவதைக் கவனியுங்கள்: சப்போட்டா, ஆப்பிள், மாதுளை எதுவானாலும் மிக்ஸியில் பழத்தோடு பாலும் சர்க்கரையும் விழும், ஃப்ரக்டோஸும் லாக்டோஸும் ஒரே டம்ளரில் சேர்ந்துவிடும். பால் வேண்டாம், தண்ணீர் ஊற்றிப் போடுங்கள் என்று முன்கூட்டியே சொல்லுங்கள்.

சாறு குடித்தே ஆக வேண்டும் என்றால் ஆரஞ்சு அல்லது அன்னாசிச் சாற்றை 100 மில்லி அளவில் எடுத்து, அதே அளவு தண்ணீர் கலந்து, சாப்பாட்டோடு மெதுவாகக் குடியுங்கள். அட்டைப் பெட்டியில் வரும் ‘கலப்புப் பழ’ பானங்களில் முகப்பில் ஆரஞ்சுப் படம் இருந்தாலும், பின்னால் உள்ள பொருட்பட்டியலில் ஆப்பிள் அல்லது பேரிச் சாறு சேர்ந்திருப்பது வழக்கம்.

வெளியே செல்லும்போது எதைக் கேட்பது என்று தெரியாதவர்களுக்கு எலுமிச்சைச் சாறு நல்ல துணை. உப்புப் போட்டோ, அளவான சர்க்கரை போட்டோ, சோடா இல்லாமல் தண்ணீரில் கலந்து வாங்குங்கள். சோடாவின் வாயுவே சிலருக்கு உப்புசம் தரும். வெல்லம், சுக்கு, ஏலக்காய் போட்டு வீட்டில் கரைக்கும் பானகத்தையும் அரை டம்ளர் குடிக்கலாம். இளநீர் எவ்வளவு குடித்தாலும் வயிற்றுக்கு நல்லது என்ற நம்பிக்கையைச் சற்றுத் தளர்த்திக்கொள்ள வேண்டும். 100 மில்லி வரை பலருக்கும் ஒத்துக்கொள்கிறது. கால் லிட்டரை எட்டும்போது சார்பிட்டாலும் ஃப்ரக்டானும் கணிசமாகிவிடுகின்றன. ரோஸ் மில்க், ஜிகர்தண்டா போன்றவை பால் பானங்கள் என்பதால் ஏழாம் படியில் சொல்லும் லாக்டோஸ் சோதனை முடியும் வரை காத்திருக்கட்டும்.

ஆறாம் படி: இனிப்புகள்

ஓர் இனிப்பைக் கையில் எடுக்கும்போது, அது எந்த மாவில் செய்தது, பால் எந்த வடிவில் சேர்ந்திருக்கிறது, நெய்யோ எண்ணெயோ எவ்வளவு என்ற மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை நான்காவது இடத்தில்தான் வருகிறது.

மைதாவிலும் ரவையிலும் ஃப்ரக்டான் இருப்பதால் பாதுஷா, ஜிலேபி, கேசரி, சேமியா பாயசம் ஆகியவை கவனத்துக்குரியவை. கடலை மாவில் செய்யும் லட்டிலும் மைசூர்பாகிலும் பருப்புகளுக்கே உரிய வேறொரு நொதிக்கும் சர்க்கரை இருக்கிறது. மைசூர்பாகில் அதோடு நெய்யும் மிகுதி. கொழுப்பு நிறைந்த உணவு வயிற்றில் விழுந்ததும் பெருங்குடல் வேகமாக இயங்கத் தொடங்குவதால், வயிற்றுப்போக்கு முதன்மையாக உள்ளவர்களுக்குச் சாப்பிட்ட சிறிது நேரத்திலேயே அவசரம் ஏற்படும். இதனால் அரிசி மாவு இனிப்புகளே நமக்கு முதல் துணை. ஆவியில் வேகும் தேங்காய்ப் பூரணக் கொழுக்கட்டை, இடியாப்பத்தோடு சிறிது தேங்காய்ப்பூவும் சர்க்கரையும், அரிசிப் புட்டு ஆகியவற்றைச் சிறிய அளவில் நம்பி உண்ணலாம். அதிரசத்தில் மாவு அரிசிதான். எண்ணெயில் பொரிப்பதால் ஒன்றோடு நிறுத்துங்கள். கடலை மிட்டாய், எள்ளுருண்டை இரண்டும் சிறு துண்டு அளவில் பலருக்கும் ஒத்துக்கொள்ளும். முந்திரி அப்படியல்ல, பாயசத்திலும் சர்க்கரைப் பொங்கலிலும் அதைக் குறைத்தாலே சிலருக்குப் பெரும் வித்தியாசம் தெரிகிறது.

பால் இனிப்புகளில் ஒரு வேறுபாட்டை அறிந்திருந்தால் விருந்துகளில் மிகவும் உதவும். சர்க்கரை சேர்க்காத 50 கிராம் கோவா செய்ய ஏறக்குறைய கால் லிட்டர் பாலைச் சுண்டக் காய்ச்ச வேண்டும். நீர் மட்டுமே ஆவியாகி, அந்தப் பாலின் சுமார் 12 கிராம் லாக்டோஸ் முழுவதும் கோவாவிலேயே தங்கிவிடுகிறது. பால்கோவா, பேடா, குலாப் ஜாமூன் ஆகியவை இந்த வகை. ரசகுல்லாவுக்குப் பாலைத் திரித்து வடிகட்டும்போது லாக்டோஸின் பெரும்பகுதி அந்தத் தெளிந்த நீரோடு வெளியேறிவிடுகிறது. ஆகவே இலையில் ஜாமூனும் ரசகுல்லாவும் இருந்தால், ஜீராவைப் பிழிந்துவிட்டு ஒரு ரசகுல்லாவை எடுத்துக்கொள்ளுங்கள். நெய்யில் லாக்டோஸ் அநேகமாக இல்லை. வீட்டில் பாயசம் வைக்கும்போது ஜவ்வரிசியைக் குழைய வேகவைத்து, பாலுக்குப் பதிலாக நீர்த்த தேங்காய்ப்பால் ஊற்றினால் எல்லோருக்கும் ஒரே பாயசமாகப் பரிமாறலாம்; உங்களுக்கென்று தனிக் கிண்ணம் தேவைப்படாது.

‘சுகர் ஃப்ரீ’ என்று எழுதிய இனிப்பும் பிஸ்கட்டும் சாக்லேட்டும் ஐ.பி.எஸ். உள்ளவர்களுக்கு ஏற்றவை என்று எண்ணிவிடாதீர்கள். பொட்டலத்தைத் திருப்பிப் பொருட்பட்டியலில் 420, 421, 953, 965, 967 ஆகிய எண்களைத் தேடுங்கள். அவை முறையே சார்பிட்டால், மேனிட்டால், ஐசோமால்ட், மால்டிட்டால், சைலிட்டால் ஆகியவற்றைக் குறிக்கின்றன. சிலவற்றில் அதிகம் உண்டால் மலம் இளகக்கூடும் என்ற எச்சரிக்கையே சிறு எழுத்தில் அச்சாகியிருக்கும். சர்க்கரை இல்லாத சூயிங்கத்திலும் சில இருமல் மருந்துகளிலும் சார்பிட்டால் இருக்கிறது. ‘நார்ச்சத்து நிறைந்தது’ என்று விற்கும் பிஸ்கட்டுகளில் இனுலின் என்ற பெயர் தென்பட்டால் அது ஃப்ரக்டானின் ஒரு வகை என்று அறிந்துகொள்ளுங்கள்.

ஏழாம் படி: ஒவ்வொன்றாகத் திரும்பச் சேருங்கள்

இந்தப் படியைத்தான் பலர் தவிர்த்துவிடுகிறார்கள், இதுவே மற்றெல்லாவற்றையும்விட முக்கியமானது. குறைத்த உணவிலேயே ஆண்டுக்கணக்கில் நீடித்தால் குடலுக்கு நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் குறைகின்றன, ஊட்டமும் குறைகிறது, விருந்தினர் வீட்டில் உட்கார்ந்து உண்ணும் மகிழ்ச்சியும் போய்விடுகிறது. தொந்தரவு தணிந்ததும், மற்ற உணவுகளை அப்படியே வைத்துக்கொண்டு, ஒரு சர்க்கரைக்கு ஓர் உணவு என்று தேர்ந்து சோதியுங்கள். ஃப்ரக்டோஸுக்கு மாம்பழம் ஏற்றது: முதல் நாள் இரண்டு துண்டு, மறுநாள் நான்கு, மூன்றாம் நாள் அரைப் பழம். லாக்டோஸுக்குப் பால்: 60, 125, 250 மில்லி என்று மூன்று நாள். ஒரு சோதனைக்கும் அடுத்ததற்கும் இடையே இரண்டு மூன்று நாள் ஓய்வு விடுங்கள். இடையில் தொந்தரவு வந்தால் அங்கேயே நிறுத்தி, அதற்கு முந்தைய அளவை உங்கள் எல்லையாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஆப்பிளில் ஃப்ரக்டோஸும் சார்பிட்டாலும் சேர்ந்திருப்பதால் அதை வைத்துச் சோதித்தால் எது காரணம் என்று பிரித்தறிய முடியாது.

நான்கு சர்க்கரைகளும் ஒருவருக்கே ஆகாமல் போவது அரிது. லாக்டோஸ் மட்டும் ஆகாதவர் மாம்பழத்தை ஏன் ஒதுக்க வேண்டும்? ஃப்ரக்டோஸ் மட்டும் ஆகாதவர் பால்கோவாவை ஏன் துறக்க வேண்டும்? ஒத்துக்கொண்டவற்றையெல்லாம் தயங்காமல் அன்றாட உணவில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒத்துக்கொள்ளாதவற்றையும் சில மாதங்கள் கழித்து மறுபடி சிறிதளவில் முயன்று பாருங்கள். தாங்கும் அளவு காலப்போக்கில் மாறுவதுண்டு.

ஆறு வாரம் கவனமாகக் குறைத்தும் உங்கள் நோட்டில் எந்த மாற்றமும் தெரியவில்லை என்றால், உங்கள் தொந்தரவுக்கு இந்தச் சர்க்கரைகள் முதன்மைக் காரணமில்லை. இன்னும் எதையெதைக் குறைக்கலாம் என்று தேடாமல் பழைய உணவுக்கே திரும்புங்கள். புதினா எண்ணெய் மாத்திரை, குடல் தசை இறுக்கத்தைத் தளர்த்தும் மருந்துகள், குடல் நரம்புகளின் கூருணர்வைத் தணிக்கும் குறைந்த அளவு மருந்துகள், மனவழிச் சிகிச்சைகள் என்று பயனளிக்கும் வேறு வழிகள் இருக்கின்றன. அந்த நோட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள். எவற்றை ஏற்கெனவே சோதித்து முடித்துவிட்டீர்கள் என்பது அவருக்கும் அதிலிருந்தே தெரியும்.